மால்டாவுல எரிமலை இல்ல, அப்போ அந்தக் கறுப்புக் கல்லு எங்கிருந்து வந்துச்சு?

மால்டா தீவு முழுக்க சுண்ணாம்புக்கல்லுதான். எரிமலைன்னு பேருக்குக்கூட ஒண்ணு கிடையாது. ஆனா அங்க ஸ்கோர்பான்னு ஒரு இடத்துல பழைய குடியிருப்பு ஒண்ணைத் தோண்டுனப்ப, சுமார் 7000 வருஷத்துக்கு முந்தி அங்க வாழ்ந்தவங்க போட்டுட்டுப் போன சாமான்களோட சாமானா, கறுப்புக் கண்ணாடி உடைஞ்ச மாதிரி சின்னச் சின்ன சில்லுங்களும் கிடைச்சுது. அதுதான் அப்சிடியன். எரிமலை இருக்கிற ஊர்லதான் அது உருவாகும், வேற வழியே இல்ல. அப்போ யாரோ ஒருத்தர் கடல் தாண்டி அதைக் கொண்டுவந்திருக்கணும், பக்கத்துல இருக்கிற சிசிலிக்கே சுமார் 90 கிலோமீட்டர் கடல். சரி, எந்த எரிமலைல இருந்து? இந்தக் கேள்விக்கு எப்படி பதில் கண்டுபிடிக்கிறாங்கங்கிறதுதான் இந்தக் கட்டுரை, கெமிஸ்ட்ரி தெரியாதவங்களுக்கும் புரியிற மாதிரி சொல்லப் பாக்குறேன்.

முதல்ல அப்சிடியன்னா என்னன்னு பாத்துடுவோம். சர்க்கரைப் பாகை மெதுவா ஆற விட்டா கல்கண்டு கட்டும், பளபளன்னு படிகம் படிகமா வரும். அதே பாகை சட்டுனு ஆற வெச்சா படிகம் கட்ட நேரமே இருக்காது, கண்ணாடி மாதிரி மிட்டாயா உறைஞ்சிடும். எரிமலைக் குழம்பும் இப்படித்தான். அதுல சிலிக்கா 70 சதவீதத்துக்கு மேல இருந்தா குழம்பு ரொம்பக் கெட்டியா, இழுத்தா வராத பாகு மாதிரி இருக்கும், அணுக்கள் நகந்து போய் வரிசையா அடுக்கிக்கவே முடியாது, அதுக்குள்ள குளிர்ந்துபோச்சுன்னா கல்லுக்குப் பதிலா கண்ணாடிதான் கிடைக்கும். நம்ம வீட்டு ஜன்னல் கண்ணாடிக்கும் இதுக்கும் அடிப்படை சரக்கு ஒண்ணுதான், சிலிக்கா. எல்லா எரிமலையும் இதைத் தராது, சிலிக்கா கம்மியா இருந்து தண்ணி மாதிரி ஓடுற குழம்பு கக்குற எரிமலைங்க சாதாரண கறுங்கல்லாத்தான் உறையும்.

கண்ணாடியா இருக்கிறதால அதைத் தட்டுனா சிப்பி ஓட்டுல இருக்கிற மாதிரி வளைவு வளைவா உடையும், ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். உலோகமே இல்லாத காலத்துல இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. தோல் அறுக்க, இறைச்சி வெட்ட, கோரை நறுக்க எல்லாத்துக்கும் ஆச்சு. கைல ஒரு கட்டி கொடுத்தா பழகுனவங்க அதுல இருந்து நீளநீளமா, ஒரே அகலத்துல, வரிசையா பிளேடு உரிச்சு எடுத்துடுவாங்க.

இப்ப முக்கியமான விஷயம். மத்தியதரைக் கடல் அவ்வளவு பெருசு, ஆனா அதுக்குள்ள அப்சிடியன் கிடைக்கிற தீவுங்களை விரல் விட்டு எண்ணிடலாம். மேற்குப் பக்கம் சார்டீனியாவுல மோந்தே ஆர்ச்சி மலை, சிசிலிக்கு வடக்க லிபாரி, ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் நடுவுல கடல்ல இருக்கிற பால்மரோலா, சிசிலிக்கும் துனீசியாவுக்கும் நடுவுல பான்டெல்லேரியா. இந்த நாலுதான். கிழக்க ஏஜியன் கடல்ல மீலோஸ், அப்புறம் கோஸ் தீவுக்குத் தெற்க யாலின்னு ஒரு குட்டித் தீவு (கிரேக்கத்துல யாலின்னாலே கண்ணாடின்னுதான் அர்த்தம், பேரு வெச்சவங்க சும்மா வெக்கல), ஆன்டிபாரோஸ்ல கொஞ்சம், ஆனா அங்க கிடைக்கிறது கோலிக்குண்டு கூழாங்கல்லு சைஸ்ல இருக்கிறதால யாரும் பெருசா கண்டுக்கல. அதையும் தாண்டி தரைல போனா துருக்கியோட நடுப்பகுதில கொல்லு தாவ், நெனெசி தாவ்னு மலைங்க இருக்கு. அவ்வளவுதான் ஆட்டம். சந்தேகப்பட வேண்டிய ஆளுங்க ஒரு டஜனுக்குள்ள இருந்தா துப்பறியிறது சுலபம்தானே.

பானை ஓட்டை வெச்சு இதே வேலையைப் பண்ணப் பாத்தா தலைவலி. களிமண்ணு எல்லா ஊர்லயும் இருக்கு, குயவர் அதுல மணலைக் கலப்பார், வேற மண்ணைச் சேர்ப்பார், சூளைல போடுவார். சிக்கிமுக்கிக் கல்லுலயும் கஷ்டம், ஒரே பாறைலயே அடிக்கு அடி மாறும். அப்சிடியன் அப்படி இல்ல, ஒரே குழம்பு, நல்லா கலந்து, படிகமா பிரியுறதுக்குள்ள உறைஞ்சது, அதனால ஒரு எரிமலையோட ஒரு ஓட்டத்துல எங்க இருந்து கிள்ளி எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே சரக்குதான். மனுஷன் அதை உடைக்கிறான், சீவுறான், ஆனா எதையும் கலக்க முடியாது. இந்த ரெண்டு குணம்தான், அதாவது இடங்கள் கம்மி, ஒரே இடத்துக்குள்ள மாற்றம் கம்மி, இதுதான் மொத்த விஷயத்துக்கும் அடித்தளம். மத்ததெல்லாம் மெஷின் சமாச்சாரம்.

கண்ணால பாத்தே சொல்ல முடியாதான்னு கேட்டா, சில நேரம் முடியும். பான்டெல்லேரியா கல்லை வெளிச்சத்துல பிடிச்சா பச்சை அடிக்கும். யாலி கல்லுல வெள்ளை வெள்ளையா புள்ளி இருக்கும். ஆனா லிபாரி கல்லும் சார்டீனியாவோட நல்ல ரக கல்லும் மெல்லிசா சீவுனா ரெண்டுமே ஒளி ஊடுருவுற கறுப்பு, பழகுன கண்ணே ஏமாறும். ஏமாந்தவங்கள்ல பெரிய ஆளு ஆர்தர் எவன்ஸ், கிரீட் தீவுல நாசஸ் அரண்மனையைத் தோண்டுனவர். அங்க மினோவன் ஆளுங்க, அதாவது வெண்கலக் காலத்துல கிரீட்ல வாழ்ந்தவங்க, வெள்ளைப்புள்ளி போட்ட கறுப்புக் கல்லுல கிண்ணம் குடைஞ்சிருந்தாங்க, அதைப் பாத்துட்டு இது இத்தாலிப் பக்கம் லிபாரில இருந்து வந்ததுன்னு முடிவு கட்டி "லிபாரைட்"னு பேரே வெச்சுட்டார். கிரீட்டுக்கும் லிபாரிக்கும் அந்தக் காலத்துலயே வியாபாரம் இருந்துச்சுன்னு ஒரு கதை அதுல இருந்து கிளம்புச்சு. பல வருஷம் கழிச்சு, 1960கள்ல, டெஸ்ட் பண்ணிப் பாத்தா அது பக்கத்துலயே இருக்கிற யாலி கல்லு. ஒரு தப்பான கல்லு ஒரு முழு கடல் வாணிபத்தையே உருவாக்கிடுச்சு பாருங்க, அதனாலதான் இந்த டெஸ்ட் எல்லாம் வெறும் ஆர்வக்கோளாறு இல்லன்னு நான் சொல்றேன்.

சரி டெஸ்ட்டுக்கு வருவோம். எல்லா அப்சிடியன்லயும் சிலிக்கா, அலுமினியம், சோடியம், பொட்டாசியம்னு பெரிய பெரிய ஆளுங்க கிட்டத்தட்ட ஒரே அளவுலதான் இருப்பாங்க, அதை வெச்சு பிரிக்கிறது கஷ்டம். சாம்பார் மாதிரி வெச்சுக்குங்க, பருப்பு புளி உப்பு எல்லா வீட்லயும் ஒண்ணுதான், ஆனா ஒரு சிட்டிகை பெருங்காயம், அரை ஸ்பூன் வெந்தயம்னு போடுறதுலதான் இது இன்னார் வீட்டு சாம்பார்னு தெரியும். கல்லுல அந்த சிட்டிகை வேலை பாக்குறது ருபீடியம், ஸ்ட்ரான்ஷியம், சிர்கோனியம், பேரியம் மாதிரி தனிமங்கள். பத்து லட்சத்துல நூறு பங்கு, இருநூறு பங்குன்னு துளியூண்டுதான் இருக்கும்.

இது ஏன் எரிமலைக்கு எரிமலை மாறுதுன்னா, குழம்பு பூமிக்கடில கிடக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமா படிகம் கட்டி அடில தங்கும். சில தனிமங்களுக்கு அந்தப் படிகத்துக்குள்ள இடம் கிடைச்சிடும், ஸ்ட்ரான்ஷியம் அப்படித்தான், கால்சியத்தோட இடத்துல போய் உக்காந்துக்கும். சிலதுக்கு இடம் கிடைக்காது, ருபீடியம் மாதிரி, அது மிச்சக் குழம்புலயே சேந்துக்கிட்டே போகும். எவ்வளவு நேரம் கிடந்துச்சு, எந்தப் பாறை உருகி வந்துச்சுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரலாறு, அந்த வரலாறு அப்படியே கண்ணாடில உறைஞ்சு நிக்குது. உதாரணத்துக்கு லிபாரி கல்லுல பத்து லட்சத்துக்கு ஸ்ட்ரான்ஷியம் 20க்குள்ளதான், ஆனா ருபீடியம் 250க்கும் மேல. மீலோஸ் கல்லுல ரெண்டும் ஏறக்குறைய நூறு நூறு. பான்டெல்லேரியால சிர்கோனியம் ஆயிரத்தைத் தாண்டும், மத்த எதுவும் கிட்டயே வராது. ஒரு கிராஃப் தாள்ல ஒரு பக்கம் ஒரு தனிமம், இன்னொரு பக்கம் இன்னொண்ணுன்னு புள்ளி வெச்சீங்கன்னா ஒவ்வொரு தீவும் தனித்தனி கும்பலா நிக்கும், தோண்டி எடுத்த சில்லு எந்தக் கும்பல்ல விழுதுன்னு பாத்தா முடிஞ்சுது.

இதை முதல்ல ஒழுங்கா பண்ணிக் காட்டுனது ஜோ கேன்னு ஒரு புவியியல்காரரும் காலின் ரென்ஃப்ரூன்னு ஒரு தொல்லியல்காரரும், ரெண்டு பேரும் கேம்பிரிட்ஜ், 1964ல கட்டுரை போட்டாங்க. ரென்ஃப்ரூ அப்ப இன்னும் பிஎச்டி முடிக்காத ஆளு. கல்லுல கொஞ்சம் பொடி பண்ணி, மின்சாரத் தீப்பொறில எரிச்சு, வர்ற வெளிச்சத்தைப் பிரிச்சு எந்தத் தனிமம் எவ்வளவுன்னு படிச்சாங்க. பேரியமும் சிர்கோனியமும்தான் அவங்களோட ரெண்டு துருப்புச்சீட்டு. பெரும்பாலான இடங்களுக்கு அது போதும், ஆனா மீலோஸ் கல்லும் துருக்கில ஒரு மலையோட கல்லும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துச்சு, பிரிக்க முடியல. ஏஜியனுக்கு இதைவிட மோசமான சிக்கல் இருக்க முடியாது, ஏன்னா கேள்வியே இது கடல்ல இருந்து வந்ததா இல்ல கிழக்க தரைப்பக்கத்துல இருந்து வந்ததாங்கிறதுதான். 1972ல கல்லை அணு உலைக்குள்ள வெச்சு நியூட்ரான் அடிச்சு, அது திருப்பி விடுற காமா கதிரை அளந்து நிறைய தனிமங்களை ஒரே சமயத்துல பாத்த பிறகுதான் அந்த முடிச்சு அவிழ்ந்துச்சு.

இப்ப அணு உலையெல்லாம் வேண்டாம். பழைய வளையலை மாத்த நகைக்கடைக்குப் போனா, கேரட் மீட்டர்னு ஒரு பெட்டிக்குள்ள நகையை வெச்சு, அரை நிமிஷத்துல தங்கம் இவ்வளவு, செம்பு இவ்வளவு, வெள்ளி இவ்வளவுன்னு ஸ்கிரீன்ல காட்டுவாங்கல்ல, அதேதான். எக்ஸ்ரே ஃப்ளூரசன்ஸ்னு பேரு. எக்ஸ்ரே போய் அணுவுக்குள்ள உள்வட்டத்துல இருக்கிற ஒரு எலக்ட்ரானைத் தட்டி விடும், காலியான இடத்துக்கு வெளிவட்டத்து எலக்ட்ரான் இறங்கி வரும், வரும்போது அந்தத் தனிமத்துக்கே உரிய ஒரு அளவு எக்ஸ்ரேவை உமிழும், அதை எண்ணுறாங்க, அவ்வளவுதான். கைல பிடிக்கிற துப்பாக்கி மாதிரி மாடலும் வந்தாச்சு. கல்லை உடைக்க வேணாம், பொடி பண்ண வேணாம், மியூசியத்துல அலமாரிய விட்டு வெளிய எடுத்து வெச்சு அடிச்சுட்டுத் திரும்ப உள்ள வெச்சுடலாம். முன்னாடி பத்து இருபது சில்லை மட்டும் பொறுக்கி அனுப்புவாங்க, இப்ப ஒரு இடத்துல கிடைச்ச ஆயிரம் சில்லையும் பாக்குறாங்க. என்னைக் கேட்டா மெஷினோட துல்லியத்தைவிட இந்த எண்ணிக்கைதான் பெரிய மாற்றம், ஏன்னா பத்துல ஒண்ணு கூட வராத அபூர்வக் கல்லு ஆயிரத்துலதான் மாட்டும். ரொம்பப் பொடி சில்லா இருந்தா மட்டும் இது தடுமாறும், அதுக்கு லேசர்ல முடியளவு ஓட்டை போட்டு ஆவியாக்கிப் படிக்கிற முறை தனியா இருக்கு.

இதுல கிடைச்ச பதில்கள்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஃபிராங்தி குகை. கிரீஸோட தெற்குப் பகுதில கடலோரமா இருக்கு. அங்க ரொம்பக் கீழ, சுமார் 13,000 வருஷத்துக்கு முந்தின மண் அடுக்குல அப்சிடியன் சில்லு கொஞ்சம் கிடைச்சுது, டெஸ்ட் பண்ணா மீலோஸ். விவசாயம் இல்ல, பானை இல்ல, ஆடு மாடு வளர்க்கிறது இல்ல, வேட்டையாடிட்டுத் திரிஞ்ச கூட்டம் அது. குகைக்கும் மீலோஸுக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல தூரம். அப்ப பனிக்காலம் முடியிற நேரம், கடல்மட்டம் இன்னைக்கு இருக்கிறதைவிட நல்லா கீழ இருந்துச்சு, தீவுங்க பெருசா இருந்துச்சு, நடுவுல இருக்கிற கடல் துண்டுங்க சின்னதா இருந்துச்சு, இதெல்லாம் சரி, ஆனா அப்பவும் மீலோஸ் தீவுதான், கால் நனையாம போக முடியாது. அந்தக் காலத்துப் படகு ஒண்ணுகூட ஏஜியன்ல கிடைக்கல, மரமும் கோரையும் அவ்வளவு நாள் தாங்குமா. படகு இருந்துச்சுங்கிறதுக்கு சாட்சி அந்தக் கல்லுதான். கொஞ்சம் மேல வந்தா, பல ஆயிரம் வருஷம் கழிச்சு, அதே குகைல அப்சிடியனும் கூடுது, பெரிய சூரை மீனோட எலும்பும் குவியுது, கடல் அவங்களுக்குப் பழகிப்போச்சுன்னு தெரியுது. எப்படித்தான் போயிருப்பாங்கன்னு பாக்க 1988ல சில பேர் கோரைப்புல்லுல ஒரு படகு கட்டி கிரீஸ் கடற்கரைல இருக்கிற லாவ்ரியோன் ஊர்ல இருந்து துடுப்பு போட்டே தீவு தீவா தாண்டி மீலோஸ் போய்ச் சேந்தாங்க. போக முடியும்னு அது காட்டுது, அப்படித்தான் போனாங்கன்னு காட்டல, இந்த வித்தியாசத்தை மறந்துடக்கூடாது.

சைப்ரஸும் இதே கதைதான், அந்தத் தீவுல அப்சிடியன் கிடையாது, ஆனா 10,000 வருஷத்துக்கு முந்தின ஷில்லூரோகாம்போஸ் குடியிருப்புல கொல்லு தாவ் கல்லு கிடைக்குது. துருக்கி நடுவுல இருந்து மலை இறங்கி, கடற்கரை வந்து, அப்புறம் படகு ஏறி வந்த கல்லு.

மால்டாவுக்கு வருவோம், ஆரம்பிச்ச கேள்வியை விட்டுட்டேன்னு நினைக்காதீங்க. அங்க ஒரு எரிமலையோட கல்லு மட்டும் இல்ல, ரெண்டு எரிமலையோட கல்லு இருக்கு, லிபாரி ஒண்ணு, பான்டெல்லேரியா ஒண்ணு. லிபாரி சிசிலிக்கு அந்தப்பக்கம் வடக்க, பான்டெல்லேரியா இந்தப்பக்கம் மேற்க. அப்போ லிபாரி கல்லு முதல்ல ஒரு கடல் தாண்டி சிசிலி வந்து, சிசிலியை முழுக்கக் கடந்து தெற்குக் கரைக்கு வந்து, அங்க இருந்து இன்னொரு கடல் தாண்டி மால்டா வந்திருக்கணும். இல்லன்னா கரையைச் சுத்திக்கிட்டு படகுலயே வந்திருக்கணும். இதுல எதுன்னு கெமிஸ்ட்ரி சொல்லாது. பொறப்பிடமும் செத்த இடமும் சரியா எழுதியிருக்கும், நடுவுல எத்தனை கை மாறுச்சு, கொடுத்தவன் யாரு, பதிலுக்கு என்ன வாங்குனான், கல்யாணத்துக்கு வந்த பொண்ணு கொண்டுவந்ததா, இதெல்லாம் வெறுமையாத்தான் இருக்கும். பேப்பர்ல "லிபாரியுடன் மால்டா வாணிபம்"னு தலைப்பைப் பாத்தா கொஞ்சம் நிதானமா படிங்க.

அந்த வெறுமையை நிரப்புறதுக்கும் ரென்ஃப்ரூ ஒரு வழி பாத்தார். மேற்காசியாவுல ஒவ்வொரு ஊர்லயும் கிடைச்ச கல்கருவில அப்சிடியன் எத்தனை சதவீதம்னு எண்ணி, எரிமலைல இருந்து எவ்வளவு தூரம்னு பக்கத்துல எழுதுனார். சுமார் 300 கிலோமீட்டருக்குள்ள 80 சதவீதம்கிட்ட இருக்கு, அதுக்கு அப்புறம் சரசரன்னு இறங்குது. முதல் வட்டத்துல இருக்கிறவங்க நேரா போய் எடுத்துட்டு வர்றாங்க, வெளிய இருக்கிறவங்க பக்கத்து ஊர்க்காரன்கிட்ட வாங்கி, பாதியை வெச்சுக்கிட்டு மீதியை அடுத்த ஊருக்குத் தள்ளிவிடுறாங்கன்னு அவர் விளக்கம் சொன்னார். பந்தில கடைசி வரிசைக்கு வடை வந்து சேர்ற கதைதான். தரைக்கு இது அழகா பொருந்துது, தீவுக்கு அவ்வளவா பொருந்தாது, ஏன்னா படகு வெச்சிருக்கிறவனுக்கு தூரம்ங்கிறது கிலோமீட்டர் இல்ல, காத்தும் நீரோட்டமும்தான்.

மேற்குல இன்னொரு அடி உள்ள போயிருக்காங்க. மோந்தே ஆர்ச்சி மலையையே எஸ்ஏ, எஸ்பி1, எஸ்பி2, எஸ்சின்னு பிரிச்சு, மலையோட எந்தச் சரிவுல இருந்து கல்லு வந்துச்சுன்னே சொல்ல முடியுது, அமெரிக்காவுல ராபர்ட் டைகாட் இதுல நிறைய வேலை பாத்திருக்கார். ஒரே மலைதானேன்னு தோணும், ஆனா எஸ்ஏ நல்ல கண்ணாடி, எஸ்சி மங்கல், காலம் மாற மாற எது வெளியூருக்குப் போச்சுங்கிற விகிதமும் மாறுது, பின்னாடி காலத்துல தெற்கு பிரான்ஸ் வரைக்கும் போனதுல எஸ்ஏதான் அதிகம். தேடிப்பிடிச்சு நல்ல சரக்கா எடுத்திருக்காங்க.

நல்லா வித்தா அதை வெச்சு யாரோ பணக்காரன் ஆகியிருக்கணுமேன்னு நமக்குத் தோணும். மீலோஸ்ல பைலகோபின்னு வெண்கலக் காலத்து ஊரு ஒண்ணு இருக்கு, அப்சிடியன் வித்துத்தான் அது செழிச்சுதுன்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தாங்க. ராபின் டாரன்ஸ்ங்கிறவங்க மீலோஸ்ல கல்லு எடுத்த ரெண்டு இடத்தையும், ஸ்தா நீஹியா, டெமெனெகாகி, அடி அடியா ஆராய்ஞ்சாங்க (ஸ்தா நீஹியான்னா நகங்கள் இருக்கிற இடம்னு அர்த்தம், தரை முழுக்க நகம் வெட்டிப்போட்ட மாதிரி சில்லு கிடக்கிறதால இருக்கலாம்னு நானா நினைச்சுக்கிட்டேன்). வேலியோ காவலோ தேர்ந்த தொழிலாளிங்க உக்காந்து வேலை பாத்த பட்டறையோ இருந்ததுக்கு அடையாளமே இல்ல, வந்தவன் வந்த இடத்துல உக்காந்து, மேல்தோலைத் தட்டிட்டு, கொஞ்சம் அவசர அவசரமா, நிறைய வீணடிச்சு, தேவைக்கு எடுத்துட்டுப் போயிருக்கான். 1986ல அவங்க சொன்னதோட சாரம் இதுதான், அது யாரோட கடையும் இல்ல, பொறம்போக்கு.

கெமிஸ்ட்ரி தவிர வயசை வெச்சும் பிரிக்கலாம். கண்ணாடிக்குள்ள இருக்கிற யுரேனியம் அப்பப்ப தானா பிளந்து ஒரு குட்டிக் கீறல் போடும், அதை மைக்ராஸ்கோப்ல எண்ணுனா கண்ணாடி உறைஞ்சு எவ்வளவு வருஷம் ஆச்சுன்னு வரும். மோந்தே ஆர்ச்சி கல்லு 30 லட்சம் வருஷம்கிட்ட. லிபாரில கற்காலத்து ஆளுங்க எடுத்த கபெலோட்டோ பக்கத்துக் கல்லோ வெறும் 8000 சொச்சம் வருஷம்தான், எரிமலை கக்கி முடிச்சு ரொம்ப நாள் ஆகாம மனுஷன் வந்து எடுக்க ஆரம்பிச்சுட்டான், அது குரோஷியா கரை வரைக்கும் போயிருக்கு. இப்ப லிபாரிக்கு டூர் போறவங்க ரோக்கே ரோஸேன்னு ஒரு பிரம்மாண்டமான அப்சிடியன் ஓட்டத்துக்கு முன்னாடி நின்னு இதைத்தான் ஆதிமனுஷன் வெட்டி எடுத்தான்னு போட்டோ போடுறாங்க. அது 13ஆம் நூற்றாண்டு வாக்குல வந்தது.